தையல் சாமான் பெட்டியில் இருந்த வயலின்

நெட்டை உயிரோடு இருந்தவரை அந்த வீட்டு வாசலை ஒரு பத்திரிகைக்காரரும் மிதித்ததில்லை. கண்ணை மூடிய எட்டு நாளுக்குள் மூன்று பேர் வந்துவிட்டார்கள். ஒருவர் ‘பின்னோக்கிச் சிந்தித்த மேதை’ என்று தலைப்புப் போட்டார். இன்னொருவர் பிறந்த வருடத்தைத் தப்பாக எழுதி, நெட்டைக்கு ஆறு வயதைக் குறைத்துவிட்டார். மூன்று கட்டுரையிலும் நெட்டைக்குப் பிடித்திருக்கக்கூடிய விஷயம் அது ஒன்றுதான்.

நெட்டை என்பது இசைக்குழுவில் வைத்த பெயர். ஆறடி மூன்று அங்குலம். அவர் தோளில் வயலின் ஏறினால் யாரோ குழந்தையிடமிருந்து பிடுங்கி வந்த மாதிரி இருக்கும். நாற்பத்தைந்து வருடத்துக்கு முன் அவர் குழுவினர் வாசித்ததற்கு சைக்கடெலிக் ராக் என்று பெயர். கலர் கலராக விளக்கு, புகை, முடிவே இல்லாத பாட்டு. வீட்டுப் பெரியவர்கள் அதைக் காய்ச்சல் பாட்டு என்றார்கள். காய்ச்சலில் படுத்திருக்கும்போது சுவர் நகர்கிற மாதிரி தெரியுமே, அதைத்தான் சொன்னார்கள். ஒரு வகையில் சரியான விமர்சனம்தான்.

அந்தக் குழு மூன்று இசைத்தட்டுகள் போட்டது. இரண்டை எல்லோரும் மறந்துவிட்டார்கள். நடுவில் வந்த தட்டில் ஒரு பக்கம் முழுக்க ஒரே பாட்டு, அதன் நடுவே ஒன்பது நிமிடம் வயலின். அந்த ஒன்பது நிமிடத்தை இன்றைக்கும் தேடிப் பிடித்துக் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். அதில் வயலின் தலைகீழாக ஓடும். ஒவ்வொரு சுரமும் எங்கோ தூரத்தில் பிறந்து, வளர்ந்து, காதுக்குப் பக்கத்தில் வந்ததும் சட்டென்று அறுந்து விழும். டேப்பைப் பின்பக்கமாக ஓட்டினால் வரும் சத்தம் அது. அப்படி ஓட்டிப் பார்க்கத் தோன்றிய மூளையைத்தான் மேதை என்றார்கள்.

அது மேதையின் வேலை இல்லை என்று உலகத்தில் ஒரே ஒரு ஆளுக்குத் தெரியும். அந்த ஆள், அவர் மனைவி, இப்போது குளியலறை வாளியில் அவருடைய பழைய சட்டைகளை ஊறப்போட்டுக்கொண்டிருந்தாள். இறந்து பத்து மாதம் ஆகியும் சட்டைகளை யாருக்கும் கொடுக்க மனசு வரவில்லை. துவைத்து மடித்து வைப்பாள்; இரண்டு மாதம் கழித்து மறுபடி எடுத்துத் துவைப்பாள்.

அப்போதுதான் மகள் போனை நீட்டினாள். அந்தத் தட்டை மறுபடி வெளியிடப் போகிறார்களாம். நிறுவனத்திலிருந்து ஒரு பெண் பேசினாள். பழைய டேப் ஏதாவது வீட்டில் இருக்குமா என்று கேட்டாள்.

“எதுவும் இல்லம்மா” என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். “ஒண்ணு இருக்கு” என்று வந்தது.

போனை வைத்த பிறகு மகள் அம்மாவையே பார்த்தாள். “எங்கம்மா இருக்கு? நான் இந்த வீட்டுல அலசாத இடம் கெடையாதே.”

“அலமாரி மேல. தையல் சாமான் பெட்டியில.”

நெட்டை தையல் பெட்டியைத் திறக்கமாட்டார் என்று தெரிந்துதான் அதில் வைத்தாள். சட்டைப் பொத்தான் அறுந்தால் ஊக்கு குத்திக்கொண்டு போகிற ஆள் அவர்.

*

இருபத்து நாலு வயதில் அவள் ஒரு ஒலிப்பதிவு ஸ்டூடியோவில் டேப் அறையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஜன்னல் இல்லாத அறை. சுவரெல்லாம் அட்டைப் பெட்டிகள், நடுவில் இரண்டு டேப் மெஷின்கள். அந்த வயதிலேயே எல்லோரும் அவளை டேப்பக்கா என்பார்கள். நெட்டை மட்டும் மேடம் என்பார். ‘இவன் மட்டும் அக்கான்னு கூப்பிடல, அப்பவே எனக்குப் புரிஞ்சுபோச்சு’ என்று குழுவின் கித்தார்க்காரர் பிறகு அவர்கள் கல்யாணத்தில் மைக்கைப் பிடித்துச் சொன்னார். அவரை எல்லோரும் லீடர் என்பார்கள். பாட்டு கட்டுவது, சண்டை போடுவது இரண்டுமே அவர் பொறுப்பு.

டேப் அறையில் மாற்ற முடியாத சட்டம் ஒன்று இருந்தது. பதிவு முடிந்ததும் நாடா முழுவதும் வலது ரீலுக்குப் போயிருக்கும். அதைத் திரும்ப இடது ரீலுக்குச் சுற்றி, ஆரம்பம் வெளியே தெரிகிற மாதிரி வைத்த பிறகுதான் பெட்டியை மூட வேண்டும். சுற்றாமல் பெட்டியில் போட்டால் மறுநாள் எடுப்பவர் கையில் முடிவுதான் ஆரம்பமாக வரும்; அப்படியே மாட்டினால் எல்லாம் பின்பக்கமாக ஓடும். நாலு வருடத்தில் அவள் ஒரு தடவைகூடச் சுற்றாமல் வைத்ததில்லை.

அந்த வாரம் அவள் அப்பா மருத்துவமனையில் கிடந்தார். இரவெல்லாம் அங்கே பெஞ்சு, பகலெல்லாம் இங்கே மெஷின். மூன்று நாளாகச் சரியாகத் தூங்கவில்லை. மற்றவர்கள் வெளியூர்க் கச்சேரிக்குப் போயிருக்க, நெட்டை மட்டும் ஒரு நாள் மாலை வந்து தன் பங்கைத் தனி டேப்பில் வாசித்துவிட்டு, ஊரில் தங்கைக்கு ஏதோ விசேஷம் என்று பஸ் ஏறிவிட்டார். மறுநாள் காலை அவள் அந்த டேப்பை எடுத்து மாட்டினாள். குழுவின் டேப்பில் வயலின் வரவேண்டிய இடத்தில் அதைப் படியெடுத்தாள். படியெடுக்கும்போது காதில் கேட்பது வழக்கமில்லை. மெஷினில் சத்தத்தின் அளவைக் காட்டும் முள் ஆடுகிறதா என்று பார்த்தால் போதும். முள் நன்றாகத்தான் ஆடியது. முள்ளுக்கு முன்னும் பின்னும் தெரியாது.

மதியம் லீடரும் இன்ஜினியரும் வந்து போட்டுக் கேட்டார்கள். வயலின் தலைகீழாக வந்தது. அந்த ஒன்பது நிமிடமும் பின்னணியில் ஒரே சுருதி நின்றுகொண்டே இருக்கும், தாளம்கூடக் கிடையாது. அதன் மேல் எதைப் போட்டாலும் ஒட்டிக்கொள்ளும். இதுவும் ஒட்டிக்கொண்டது. சுற்றாமல் வைத்திருக்கிறோம் என்று அந்த நொடியே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

இன்ஜினியர் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டார். “யோவ், என்னய்யா இது. உங்க ஆளு என்னமோ பண்ணி வெச்சிருக்கான்யா.”

லீடர் முழுவதையும் கேட்டு முடித்தார். பிறகு, “இருக்கட்டும்” என்றார். முகம் மட்டும் கறுத்துவிட்டது.

அவள் சொல்லியிருக்கலாம். ‘அண்ணே, நான் சுத்த மறந்துட்டேன், பத்து நிமிஷம் குடுங்க’ என்று ஒரு வரி. ஆனால் அந்த ஸ்டூடியோவின் மேனேஜர் ஒரு மாதம் முன்புதான், டேப்பில் டீயைக் கொட்டிய ஒருத்தனை அன்று மாலையே வீட்டுக்கு அனுப்பியிருந்தார். அவள் சம்பளத்தில்தான் அவள் வீட்டில் அடுப்பு எரிந்தது. வாயைத் திறக்கவில்லை. சாயங்காலம் அந்த டேப்பைக் கைப்பைக்குள் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோனாள். தப்புக்குச் சாட்சி அது ஒன்றுதான்.

*

ஊரிலிருந்து திரும்பிய நெட்டை, தட்டு வெளியான பிறகுதான் அதைக் கேட்டார். கடையில் நின்று ஒன்பது நிமிடமும் கேட்டுவிட்டு, தட்டை உறைக்குள் போட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தாராம். இதைக் கல்யாணம் ஆன முதல் வருடத்தில் அவளிடம் சொன்னார்.

“என் வாசிப்பு நேரா கேக்க லாயக்கில்லைன்னு லீடர் திருப்பிப் போட்டுட்டான். போட்டது தப்பில்ல. என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.”

அவள் அப்போது சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். கழுத்துப் பட்டையை இரண்டு தடவை தேய்த்தாள். அவ்வளவுதான் செய்தாள்.

ஜனங்களோ அந்த ஒன்பது நிமிடத்தைத் தலையில் தூக்கி வைத்து ஆடினார்கள். மேடையில் அதைத்தான் கேட்டார்கள். மேடையில் டேப்பைத் திருப்ப முடியுமா? நெட்டை தன்னையே திருப்பிக்கொண்டார். வில்லைக் காற்று மாதிரி தொட்டு ஆரம்பித்து, மெல்ல மெல்ல அழுத்தி, உச்சியில் வெடுக்கென்று பிடுங்க வேண்டும். ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரம், கண்ணாடி முன்னால் நின்று, தான் வாசிக்காத ஒன்றைத் தன்னைப் போலவே வாசிக்கப் பழகினார். ஆறே மாதத்தில் அச்சு அசலாக வந்துவிட்டது. வலது தோள்பட்டை கெடத் தொடங்க மூன்று வருடம் ஆனது.

பக்கத்து அறையில் உட்கார்ந்து அவள் அந்தப் பயிற்சியைக் கேட்டாள். ஒவ்வொரு பிடுங்கலும் அவளைப் பிடுங்கியது. இன்று சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று நினைப்பாள். முதல் வருடம் வேலை போய்விடுமே என்ற பயம். இரண்டாவது வருடம், ‘ஏன் போன வருஷமே சொல்லல’ என்று கேட்பாரே என்ற பயம். அதற்கப்புறம் பயத்துக்குக் காரணம் தேவைப்படவில்லை. குடும்பத்தில் ஒரு ஆளாக அதுவும் கூடவே இருந்தது.

ஒரு கச்சேரியில் நெட்டை அந்த ஒன்பது நிமிடத்தில் பழகியதை வாசிக்காமல், தான் முதலில் வாசித்ததை நேராக வாசித்தார். ஜனங்கள் கோபத்தில் கத்தினார்கள். லீடர் கித்தாரின் வயரைப் பிடுங்கிவிட்டு மேடையை விட்டு இறங்கினார். அன்றோடு குழு முடிந்தது. நாற்பது வருடத்துக்கு மேல் இருவரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. பேட்டி எடுக்க வந்தவர்கள் அந்த யோசனை எப்படி வந்தது என்று லீடரைக் கேட்டால், “அவன்கிட்ட போய்க் கேளுங்க” என்பார். நெட்டையைக் கேட்டால், “என் யோசனை இல்ல” என்பார். எவ்வளவு தன்னடக்கம் என்று எழுதிக்கொண்டார்கள்.

பிறகு ஒரு ஹோட்டல் கூடத்தில் சாப்பிடுகிறவர்களுக்கு வாசித்தார். அது மூன்று வருடம். விளம்பரங்களுக்குப் பின்னணி. அது ஒரு வருடம். கை மேலே எழும்பாமல் போனதும் காதுக்கருவி விற்கும் கடையில் வேலைக்குச் சேர்ந்து, இருபத்திரண்டு வருடம் அங்கே இருந்தார். காது மந்தமான பெரியவர்களை நாற்காலியில் உட்கார வைத்து, முதுகுக்குப் பின்னால் நின்று சாவிக்கொத்தை ஆட்டி, “கேக்குதாங்க?” என்பார். “கேக்குது” என்றால் அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம். அந்த வேலையில் அவர் கெட்டிக்காரர் என்று முதலாளியே சொன்னார். அவர் யாரென்று அங்கே ஒருவருக்கும் தெரியாது. தெரிந்த ஒரு கிழவருக்குக் காது சுத்தமாகக் கேட்காது.

கடைசி மாதம் படுக்கையில், நல்ல வெயில் நேரத்தில், சும்மா கூரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “லீடரை ஒரு தடவை பாக்கணும்மா. சண்டைக்கு இல்ல. ஏன்டா அப்படிப் பண்ணினன்னு கேட்டுட்டா போதும்.”

அவள் தண்ணீர்ச் சொம்பை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். சொம்பில் தண்ணீர் இருந்தது. அதைக் கொட்டிவிட்டு மறுபடி பிடித்தாள். திரும்பி வந்தபோது அவர் தூங்கியிருந்தார். அப்புறம் அந்தப் பேச்சை அவர் எடுக்கவில்லை. இந்த ஒரு இடத்துக்கு மட்டும் அவள் தனக்கு எந்தச் சமாதானமும் சொல்லிக்கொண்டதில்லை.

*

திங்கட்கிழமை நிறுவனத்தில் டேப்பைக் கொடுத்தார்கள். பழைய நாடா ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கும், மெதுவாகச் சூடு காட்டித்தான் பிரிக்க வேண்டும், வெள்ளிக்கிழமை வாருங்கள் என்றாள் அந்தப் பெண்.

வெள்ளிக்கிழமை மகள் அரை நாள் லீவு போட்டுக் கூட வந்தாள். இரண்டு பஸ் மாற வேண்டியிருந்தது. லிஃப்ட் வேலை செய்யவில்லை. மூன்றாவது மாடிக்கு ஏறி மூச்சு வாங்க நின்றபோது, உள்ளே கைத்தடியைத் தொடைகளுக்கு நடுவில் ஊன்றிக்கொண்டு ஒரு கிழவர் உட்கார்ந்திருப்பது தெரிந்தது. மொட்டைத் தலை. முதுகுவரை முடி வைத்திருந்த லீடர் இவர்தான் என்று நம்ப ஒரு நிமிடம் ஆனது.

“வா தங்கச்சி” என்றார். “அவன் காரியத்துக்கு நான் வரல. வந்தா அவன் எழுந்து போயிடுவான்னு நெனச்சேன்.”

மகளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

நிறுவனத்துப் பெண் டேப்பை மெஷினில் மாட்டிவிட்டு அவர்கள் பக்கம் திரும்பினாள். முகமெல்லாம் வெளிச்சம். “இதுல ஒண்ணு நல்லா தெரியுதுங்க. இது சார் நேரா வாசிச்ச மூலப் பதிவு. இதைத்தான் சார் வேணும்னே திருப்பிப் போட்டிருக்கார். இனிமே யாரும் சந்தேகப்பட முடியாது. தட்டோட வர்ற புத்தகத்துல இப்படியே போட்டுடறோம்.”

மகள் அம்மாவின் கையைப் பிடித்து அழுத்தினாள். பெருமை.

இதைவிடச் சுலபமான வழி அமையாது. ஒன்றும் பேச வேண்டாம். தலையை ஆட்டினால் போதும். மேதை மேதையாகவே இருப்பார், அச்சில் ஏறிவிடும், மகள் சந்தோஷமாக வீட்டுக்கு வருவாள். அவளுக்கோ முழங்கால் வலித்தது. படி ஏறிய களைப்பு, நாற்பத்தைந்து வருடத்துக் களைப்பு. மறுபடி ஒரு தடவை வாயை மூடிக்கொள்ளவும் தெம்பு இல்லை. உண்மையில் அதனால்தான் பேசினாள்.

“அவர் திருப்பிப் போடலம்மா. நான் போட்டேன். டேப்பைச் சுத்தாம வெச்சுட்டேன். மறுநாள் காலையில பாக்காம மாட்டிட்டேன். தூக்கக் கலக்கம். அவ்வளவுதான், வேற ஒண்ணுமில்ல.” பிறகு லீடரைப் பார்த்தாள். “அண்ணே, நீங்கதான் திருப்பிட்டீங்கன்னு நெனச்சுக்கிட்டே அவர் போயிட்டாரு. வாசிப்பு மட்டம்னு நீங்க திருப்பினதா.”

லீடர் கைத்தடியின் பிடியைத் தடவிக்கொண்டே இருந்தார்.

“நான் அவன் பண்ணினான்னு நெனச்சேன். என்னைக் கேக்காம என் பாட்டுல கைய வெச்சுட்டான்னு. அதுவும் என்னைவிட நல்லா பண்ணிட்டான்னு.” கைத்தடியைப் பக்கத்தில் சாய்த்து வைத்தார். “அதைத்தான் தங்கச்சி என்னால தாங்க முடியல.”

மகள் கையை எடுத்துவிட்டாள். “அம்மா. அப்பாவுக்கு இது தெரியுமா?”

“தெரியாது.”

“கடைசிவரைக்கும்?”

“கடைசிவரைக்கும்.”

மகள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். நிறுவனத்துப் பெண்ணுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. அவள் வந்தது ஒரு மேதைக்காக. கையில் கிடைத்திருப்பது ஒரு குடும்பத் தகராறு. “போடவா, வேண்டாமா?” என்று மெல்லக் கேட்டாள்.

“போடும்மா” என்றார் லீடர். “அவன் என்னதான் வாசிச்சான்னு கேப்போம்.”

வயலின் நேராக வந்தது. ஒன்பது நிமிடமும் கேட்டார்கள். அழகான வாசிப்பு. நிதானம், சுத்தம், இரண்டு இடத்தில் கொஞ்சம் இழுவை. நேராகக் கேட்டால் நல்ல வாசிப்பு, அவ்வளவுதான். இதை இப்படியே போட்டிருந்தால் இன்றைக்கு இந்த அறையில் யாரும் உட்கார்ந்திருக்க மாட்டார்கள். அதுவும் அவளுக்குப் புரிந்தது. அவருடைய தோளை எடுத்துக்கொண்டதும் அவருக்குப் பெயரைக் கொடுத்ததும் ஒரே தப்புதான். எது பெரியது என்று அவளால் சொல்ல முடியவில்லை. அவரைக் கேட்டிருக்க வேண்டும். அவரைக் கேட்கவில்லை.

கடைசிச் சுரம் அடங்கியது. நாடா ஓடிக்கொண்டே இருந்தது. நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. பிறகு ஒரு குரல், இளசாக, ரொம்பப் பக்கத்தில்.

நிறுவனத்துப் பெண் நிமிர்ந்தாள். “தட்டுல வயலினுக்கு முன்னாடி ஒரு முணுமுணுப்பு வருமே, அதான் இது. மந்திரம்னுகூடச் சொல்வாங்க. மத்த சத்தத்துல மாட்டிக்கிட்டதால, திருப்பிப் போட்டும் யாராலயும் கண்டுபிடிக்க முடியல.”

“இருங்க” என்றாள் அவள்.

பெண் கொஞ்சம் பின்னால் ஓட்டி மறுபடி போட்டாள். நெட்டையின் குரல் தெளிவாக வந்தது.

“போதும் மேடம், நல்லா வந்துடுச்சு. நீங்க கெளம்புங்க. கண்ணு ரெண்டும் செவந்து கெடக்கு, மூணு நாளா தூங்கலன்னு பாத்தாலே தெரியுது. அப்பாவைப் போய்ப் பாருங்க. டேப்பை நாளைக்குச் சுத்திக்கலாம். ஒண்ணும் குடி முழுகிடாது.”

அதற்கு மேல் டேப்பில் எதுவும் இல்லை. நாடாவின் நுனி ரீலை விட்டுக் கழன்று, சுற்றச் சுற்றப் பட் பட் என்று அடித்தது. மகள் ஜன்னலிலிருந்து திரும்பியிருந்தாள். லீடர் சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியாத ஒரு முகத்தோடு உட்கார்ந்திருந்தார்.

அவளுக்கு அந்த வார்த்தைகள் ஒன்றுகூட நினைவில் இல்லை. தூக்கக் கலக்கத்தில் மறந்துபோய்ச் சுற்றாமல் போனோம் என்றுதான் நாற்பத்தைந்து வருடமும் நினைத்திருந்தாள். அவர் போகச் சொன்னதால் போயிருக்கிறாள். படுக்கைப் பக்கத்தில் நின்று சொல்லியிருந்தால், ‘அட, நான்தானே வெச்சுட்டுப் போகச் சொன்னேன்’ என்று ஞாபகம் வந்து சிரித்திருப்பாரோ என்னவோ.

நிறுவனத்துப் பெண் மெஷினை நிறுத்த எழுந்தாள். அதற்குள் இவள் எழுந்து போய் நிறுத்தியிருந்தாள். நாடாவின் நுனியை நக்கி ஈரப்படுத்தி, காலி ரீலில் ஒட்டி, இரண்டு சுற்றுக் கையால் சுற்றினாள். கைக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது. பிறகு பின்னோக்கி ஓட்டும் பொத்தானை அழுத்தினாள்.

“என்ன தங்கச்சி பண்ற?” என்றார் லீடர்.

“சுத்தி வெச்சுடறேன் அண்ணே.”

முழுவதும் சுற்றி முடியும்வரை அங்கேயே நின்றாள். மகள் வந்து அவளுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டாள்.